வடகடலில் பதினொரு பார்

மாப்ள,

உன் ஜிபிஎஸ் நேற்று கூரியரில் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. தங்கச்சி அமலாதான் அனுப்பியிருக்கிறாள். ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் பாலிதீன் உறை, உறையின் வாயில் சைக்கிள் டியூப்பை வெட்டிப் போட்ட ரப்பர் வளையம். நீ போட்ட கட்டு அப்படியே இருக்கிறது. வளையத்தைக் கழற்றியதும் டீசலும் உப்புத் தண்ணீரும் பழைய கருவாடும் கலந்த வாடை குப்பென்று அடித்தது. சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, அண்ணன் வந்த மாதிரி இருக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அப்புறம் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

நீ போய்ப் பத்து மாதமாகிறது. கரையில் வலையைத் தட்டிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மண்டபம்கூடத் தாண்டவில்லை என்று போனில் சொன்னார்கள். அதை எழுத இந்தக் கடிதம் இல்லை. அழ வேண்டியதையெல்லாம் அழுது முடித்தாயிற்று. இது வேறு விஷயம். நீ நாலு வருஷமாக என்னிடம் சொல்லிவந்த ஒரு பச்சைப் பொய்யை நேற்று சாயங்காலம் கண்டுபிடித்துவிட்டேன். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எழுபத்து நாலில் பாம்பன் கோயில் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள் நாம். ஒன்பதாம் வகுப்போடு நீ உன் அய்யாவின் வள்ளத்தில் ஏறிவிட்டாய். நான் படித்துக்கொண்டே போனேன். ரோட்டுப் பாலம் திறக்காத காலம். மதுரையில் காலேஜ் சேர ரயிலேறிய அன்று என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தவன் நீ. "கம்பியூட்டர்னா என்னலே செய்யும்?" என்று கேட்டாய். எனக்கும் தெரியாது. தெரியாததைக் காட்டிக்கொள்ளாமல் கால்மணி நேரம் அளந்தேன். "சரி, வரும்போது ஒண்ணு கொண்டா" என்றாய்.

பிறகு அமலாவை உனக்குக் கட்டிக்கொடுத்தோம். என் தங்கச்சி புருஷனாகிவிட்ட உன்னை ஏலே என்று கூப்பிடக்கூடாது என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். "ஏலே கீலேங்கிறதெல்லாம் தெருவோட. வீட்டுக்குள்ள வந்தா மாப்பிள்ளைன்னு கூப்பிடு, வாங்க போங்கன்னு பேசு." அம்மா முன்னால் "வாங்க மாப்ள, சாப்பிடுங்க மாப்ள" என்று நான் குழைவதும், நீ மீசைக்குள் சிரித்துக்கொண்டு "இருக்கட்டும் மச்சான்" என்று பெரிய மனுஷன்போல் தலையாட்டுவதும், அம்மா அந்தப் பக்கம் போனதும் ஒருவரையொருவர் இடுப்பில் குத்திக்கொள்வதும் நம் வழக்கமாகிப் போனது. அதில் மாப்ள மட்டும் என் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

பெங்களூரில் வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதுவது என் வேலை. ஆபீசில் எழுதியதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம், வாசலைத் தாண்டினால் ஒரு வரிகூட என்னுடையதில்லை. அது எனக்கு எப்போதும் கடுப்பு. அப்போதுதான் எழுதியதைப் பூட்டி வைக்காமல் உலகத்துக்கே திறந்து வைக்கிற ஓப்பன் சோர்ஸ், அதாவது திறந்த மூல ஆட்களோடு பழக்கமானேன். அங்கே யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பிக் கொடுக்கலாம். அச்சடிக்கிற நிரல் ஒன்றில் ஒரே ஒரு வரியைத் திருத்தி அனுப்பினேன். முகமே தெரியாத ஒருவர் அதைச் சேர்த்துக்கொண்டு நன்றி எழுதினார். அந்த ஒரு வரிக்காக அன்றைக்கு ஆபீசில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். லீவுக்கு வந்தபோது உன்னிடமும் பீற்றினேன்.

"இதுக்குச் சம்பளம் உண்டுமா?"

"இல்லை."

"அப்ப எதுக்குலே செய்யுறே?"

நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே நீயே சொன்னாய்: "சரி விடு, வெளங்குது. கரையில வள்ளம் ஏத்துறப்ப போறவன் வர்றவனெல்லாம் தோள் குடுக்கிறான்ல, அது மாதிரி." இத்தனை வருஷத்தில் இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு இதை விளக்கியதில்லை. பெங்களூர்க் கூட்டங்களில் என் சொந்த யோசனைபோல இதைப் பல தடவை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்தத் திருட்டையும் இத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் ஜிபிஎஸ் வந்தது. அதற்கு முன் லைட்ஹவுசும் டிவி டவரும் எப்போது ஒரே கோட்டில் வருகின்றன என்று பார்த்துப் பார்த்துத்தான் கடலுக்கடியில் இருக்கிற பாரைப் பிடிப்பாய். களவாவும் விளமீனும் அந்தப் பாறைத் திட்டுகளில்தானே கிடக்கும். எங்கே பார் இருக்கிறது என்பதை ஒருவன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டான். கருவி வந்த பிறகு பாருக்கு மேல் நின்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அந்த இடத்தின் எண் அதற்குள் ஏறிவிடும். மூத்தவள் பிறந்த மறுவாரம் ஒரு பெரிய பார் தட்டுப்பட்டு, அதற்கு அவள் பெயரையே வைத்தாய். ஜெனிப் பார். மிட்டாய் வாங்கி ஊரெல்லாம் கொடுத்தாய், பார் எங்கே என்பதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு தடவை கருவியைப் பழுதுபார்க்கக் கொடுத்தாய். உள்ளே இருந்த அத்தனை இடங்களும் துடைத்துப்போட்ட மாதிரி அழிந்து திரும்பி வந்தது. ஒரு வருஷம் அலைந்து பதினொரு பாரை மறுபடி பிடித்தாய். அந்த வருஷம் உன்னைப் பார்க்கவே சகிக்கவில்லை, கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. "இம்புட்டு படிச்சிருக்கே, இதை எங்கனயாச்சும் எடுத்து வைக்க ஒரு வழி பண்ண மாட்டியா?" என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்றது. வங்கிக்காரன் கணக்கு தொலையாமல் இருக்க ராப்பகலாக உழைக்கிறேன், தங்கச்சி புருஷனின் பதினொரு பாருக்கு ஒன்றும் செய்யவில்லை.

கருவியில் இருப்பதைக் கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்கு எடுத்து, தமிழில் பெயரெழுதி வைத்துக்கொண்டு, வேண்டும்போது திரும்ப ஏற்றுகிற ஒரு சின்ன நிரல் எழுதினேன். அதைச் சோதிக்க உன் வீட்டுக்கு வந்தேன். நீ கதவைச் சாத்தினாய். ஜன்னலையும் சாத்தினாய். அமலாவைக் கடைக்கு அனுப்பிவிட்டுக் கருவியை நீட்டினாய்.

"மச்சான், வள்ளத்துக்கு யாரும் தோள் குடுக்கலாம். பாரு அப்படியில்லை. ஒனக்குன்னாத்தான் தாரேன்."

"ஏன் மாப்ள, எனக்குத் தெரியாதா?" என்றேன்.

தெரியவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. பெங்களூர் திரும்பி நிரலைத் திறந்த மூலமாக வெளியிட்டேன். நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக வருகிறவன் தொட்டுப் பார்க்கட்டும் என்று மாதிரிக் கோப்பு ஒன்றைக் கூடவே வைப்போம். கைக்குக் கிடைத்த கோப்பை வைத்தேன். அது உன் பதினொரு பார். அது யாருடைய பிழைப்பு என்ற நினைப்பே அந்த நிமிஷம் எனக்கு வரவில்லை. பதினொரு வரி எண்ணாகத்தான் கண்ணுக்குப் பட்டது. போதாக்குறைக்கு, நிரலைத் திறந்தால் அந்த மாதிரிக் கோப்பு தானாகவே திறக்கும்படி எழுதியிருந்தேன். கருவியை மாட்டினால் அதிலும் ஏறிவிடும். அதையும் நான்தான் எழுதினேன்.

இவ்வளவும் செய்துவிட்டு, ஊருக்குப் பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில் பாம்பனில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காதர் பாய்க்குப் போன் போட்டு, "நம்ம மீன்பிடிக்காரங்க எல்லாருக்கும் இதைப் போட்டுக்குடுங்க பாய், இலவசம்" என்றேன். பாவம், அவர் வருகிறவர்களுக்கெல்லாம் ஆசையாசையாகப் போட்டுக்கொடுத்தார். ஒரே வாரத்தில் கரையில் இருந்த பாதிப் பேரின் கருவியில் உன் பதினொரு பாரும் பெயரோடு ஏறிவிட்டன.

கரைக்கு வந்ததும் எனக்குப் போன் செய்தாய். உன் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மச்சான், ஜெனிப் பார்ல இன்னைக்குத் திருவிழா. ஒம்போது வள்ளம் நிக்கிது. சப்பரம் ஒண்ணுதான் வரலை."

"அவய்ங்களுக்கு யாரு மாப்ள சொன்னா?"

"அதைத்தான் நான் ஒன்கிட்ட கேக்குறேன்."

போனை வைத்த கையோடு நிரலைத் திறந்து பார்த்தேன். முதல் திரையிலேயே ஜெனி நின்றாள். காதர் பாய் போன் செய்து, "தம்பி, அல்லா மேல சத்தியமா நான் ஒண்ணுமே செய்யலை, நீங்க அனுப்புனதைப் போட்டேன், அம்புட்டுத்தான்" என்று அழாக்குறையாகச் சொன்னார். அவர் கடைக்கே வந்து நின்ற அமலா போனைப் பிடுங்கி, "ஏண்ணே, நீ படிச்ச படிப்புக்கு எங்க வயித்துலதான் கை வைக்கணுமா?" என்று கேட்டாள்.

அன்றே நிரலை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் கருவிகளில் ஏறியதை எப்படி இறக்குவது? அதற்குள் அந்த நிரலை எங்கெங்கோ பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். காட்டில் மரம் எண்ணுகிற ஒருவர், மலை ஏறுகிற ஒரு கூட்டம். "ஏன் நிறுத்திவிட்டீர்கள்? நாங்கள் உதவ வரலாமா?" என்று கடிதம்மேல் கடிதம் வந்தது. ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. ஆபீசில் எவனாவது திறந்த மூலம் என்று பேச்செடுத்தால் வள்ளென்று விழுந்தேன். இனி எழுதுவதே இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மூன்று மாதம் உனக்குப் போன் செய்யவும் தைரியம் வரவில்லை.

கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வராமல் தப்பிக்கப் பார்த்தேன். மனைவி விடவில்லை, இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பண்டிகைக்கு மறுநாள் காலை வீட்டுக்குப் பின்னால் நீ ஒரு களவாவைக் கழுவிக்கொண்டிருந்தாய். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீ நிமிராமலே சிரித்தாய்.

"ஏலே மச்சான், கூறு இருக்கா ஒனக்கு? எவனாச்சும் தன் பாரை எடுத்து ஊராங்கிட்டக் குடுப்பானா? நான் குடுத்தது பூராம் பொய்ப் பாரு."

எனக்கு விளங்கவில்லை. நீ மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே விளக்கினாய். நான் வருவதற்கு முதல் நாளே உண்மையான எண்களை நோட்டில் எழுதிவைத்துவிட்டாயாம். கருவியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் பொய் எண்ணாக ஏற்றினாயாம். "ஒம்போது பயலும் வெறும் மணல்ல வலையைப் போட்டுட்டு நின்னாய்ங்க. எனக்குச் சிரிப்பு தாங்கலை."

"அப்ப ஏன் போன்ல திருவிழா, சப்பரம்னு சொன்னே?"

"பக்கத்துல நாலு பேர் நின்னாய்ங்கலே. பொய்ப் பாருன்னு சொன்னா மறுநாள்லயிருந்து என் வள்ளத்துக்குப் பின்னாலயே வருவாய்ங்கல்ல?"

அமலாவைப் பார்த்தேன். அவள் அம்மியிலிருந்து நிமிரவே இல்லை. மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. இறங்கியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? எப்படி மறப்பாய், நீதானே வாங்கிக் கட்டிக்கொண்டாய். எனக்கு வந்தது கோபம்!

"அப்ப என்னை நீ நம்பலை. ஒண்ணாம் வகுப்புலயிருந்து கூட இருக்கேன். ஒனக்குன்னாத்தான் தாரேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் பொய்யைக் குடுத்திருக்கே. அம்புட்டுத்தானா நான்?"

நீ கத்தியைக் கீழே வைத்தாய். "தப்புதான் மச்சான்" என்றாய். மத்தியானம் முழுக்க நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நல்ல துண்டுகளாகப் பொறுக்கி என் தட்டில் போட்டாய். அதைச் சாப்பிட்டுக்கொண்டேதான் முறைத்தேன்.

சாயங்காலம் கிளம்பும்போது நீயே ஆரம்பித்தாய்: "அந்தச் சாமானை மறுபடி தொறந்து விடு. அதுல ஒரு காவக்காரனைப் போடு. எது வெளிய போனாலும் அவன் நிறுத்திக் கேக்கட்டும், சொந்தக்காரன்கிட்ட கேட்டியான்னு." பெங்களூர் வந்த வாரமே அதை எழுதினேன். எந்த இடத்தை நிரலிலிருந்து வெளியே எடுத்தாலும் ஒரு கேள்வி எழும்: "இந்த இடங்களின் சொந்தக்காரரிடம் கேட்டாயிற்றா?" ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். யாராவது கேட்காமல் அழுத்திவிட்டால் என்ன செய்வது என்று தானாகவே "இல்லை"யில் நிற்கும்படி வைத்தேன்.

அந்தக் கேள்வி தொந்தரவாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். எடுக்கமாட்டேன் என்று சண்டை போட்டேன். கொஞ்ச நாளில் அந்தச் சண்டையே ஓய்ந்துபோய், அவரவர் மொழியில் அந்தக் கேள்வியை எழுதி அனுப்ப ஆரம்பித்தார்கள். எனக்கு அடுத்த வேலை கிடைத்ததே அந்த நிரலால்தான். நேர்முகத்தில் வங்கி வேலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அந்தக் கேள்வியை யோசித்தது யார் என்றுதான் கேட்டார்கள். உழைத்தவர்கள் பட்டியலில் உன் பெயரைப் போட்டேன். "நான் ஒரு எழுத்துகூட எழுதலையேடா" என்று கூச்சப்பட்டாய். ஆனால் காதர் பாய் கடைக்குப் போய் அதை அச்செடுத்து வாங்கி வைத்துக்கொண்டாய் என்று அமலா சொன்னாள்.

இப்போது நினைத்தால் குறுகுறுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் ஒரு பெரிய கூட்டத்தில் இந்தக் கதையை முழுதாகச் சொன்னேன். மச்சானையே நம்பாமல் பொய்ப் பாரைக் கொடுத்த என் தங்கச்சி புருஷன் என்று சொல்லி, கூடம் நிறையச் சிரிக்கவைத்தேன். அதை உனக்குப் போன் போட்டும் சொன்னேன். அவர்களைவிட அதிகமாக நீ சிரித்தாய். அதற்கப்புறம் உன்னை மாப்ள என்று கூப்பிட்டதே இல்லை. எப்போது போன் செய்தாலும், "என்ன பொய்ப் பார்க்காரரே, சௌக்கியமா?" என்றுதான் ஆரம்பிப்பேன். "இருக்கேன் மச்சான்" என்பாய். அந்த வருஷத்திலிருந்து நீ பதினொரு பாரும் கிடக்கிற வடகடலை விட்டு, தீவுக்கு அந்தப் பக்கத்துத் தென்கடலுக்குப் போக ஆரம்பித்தாய். ஏன் என்று கேட்டதற்கு, "காத்து மாறிப்போச்சு" என்றாய். காற்று வருஷத்துக்கு இரண்டு தடவை மாறுகிறதுதானே, அதற்காக ஒருவன் ஒரேயடியாகக் கடலையே மாற்றுவானா என்று நான் யோசிக்கவில்லை. மறுபடி உன் கன்னம் ஒட்டிப்போயிருந்ததையும் பார்த்தேன். வயசாகிறது என்று கிண்டல் செய்தேன்.

நேற்று இரண்டு பென்சில் பேட்டரி வாங்கிப் போட்டேன். கருவி உயிர்பெற்றது. இதில் உள்ளதையெல்லாம் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லித்தான் அமலா அனுப்பியிருக்கிறாள். பட்டியலைத் திறந்தேன். முதலில் பதினொன்று, எல்லாம் வடகடல். ஜெனி மூன்றாவதாக இருந்தாள். என் பழைய மாதிரிக் கோப்பைத் தேடியெடுத்து, அதில் இருந்த பொய் எண்களுக்குப் பக்கத்தில் இந்த உண்மையான எண்களை வைத்துப் பார்த்தேன். எத்தனை தூரம் தள்ளிப் போட்டிருக்கிறாய் என்று பார்க்கிற ஆசைதான்.

ஒரு எண்கூட மாறவில்லை. பதினொன்றும் கடைசி இலக்கம் வரை ஒன்றாகவே இருந்தன.

அப்போதும் ஒரு சந்தேகம். என் நிரல்தான் எல்லாருடைய கருவியிலும் ஏற்றியதே, உன்னுடையதிலும் ஏற்றித் தொலைத்திருக்குமோ? ஆனால் உன் கருவி ஒவ்வொரு இடத்துக்கும் அதைப் பதிந்த நாளையும் மணியையும் கூடவே எழுதி வைக்கிறது. என் நிரலின் முதல் பதிப்புக்கு தேதியை எடுக்கவும் தெரியாது, ஏற்றவும் தெரியாது; அது ஏற்றியிருந்தால் இங்கே தேதியே இருக்காது. நீ சொன்ன மாதிரி முதல் நாள் உட்கார்ந்து பொய்யை ஏற்றியிருந்தால் பதினொன்றுக்கும் அந்த ஒரே தேதி இருக்கவேண்டும். இங்கே பதினொன்றுக்கும் பதினொரு தேதி. நான் நிரல் எழுதுவதற்கு முந்திய ஒரு வருஷம் முழுக்கப் பரவிக் கிடந்தன. எல்லாம் நல்ல காலை நேரம், நீ பாருக்கு மேல் நிற்கிற நேரம். அதற்குப் பிறகு பதிந்ததெல்லாம் தென்கடல், ஒன்று பாக்கியில்லாமல்.

அமலாவுக்குப் போன் செய்தேன். "ஒனக்குத் தெரியுமா?" என்றேன். எதைக் கேட்கிறேன் என்று அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"தெரியும்ணே. நீ அதை மூடிப்போட்டுட்டு வேலையில மனசில்லாமச் சுத்துறேன்னு அண்ணி போன்ல சொன்னாங்கல்ல. அதைக் கேட்டுட்டுத்தான் இவுக சொன்னாக, பாரு போனா வேற தேடிக்கிறலாம், அவன் இதை விட்டுட்டா அப்புறம் தொடமாட்டான்னு. என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக."

பெற்ற மகளின் பெயரை எவனாவது பொய்ப் பாருக்கு வைப்பானா? இது எனக்கு நாலு வருஷமாகத் தோன்றவில்லை. என்னை நம்பவில்லையே என்று உன் முகத்துக்கு நேராகக் கத்தினேன், நீ "தப்புதான்" என்றாய். மாப்ள, உனக்கு ஒரு தடவையாவது திருப்பிக் கத்தவேண்டும் என்று தோன்றவில்லையா?

நேற்று முதலில் அழுதேன், மறைப்பானேன். அப்புறம் உன் நடிப்பை நினைத்துச் சிரித்தேன். ஒன்பது பயலும் வெறும் மணலில் நின்றார்களாம்! அந்த ஒன்பது பேரும் அன்றைக்குப் பெட்டி பெட்டியாகக் களவா கொண்டுவந்திருப்பார்கள். நீ கழுவிய மீனைக்கூட அவர்களில் ஒருவனிடம் வாங்கினாயோ என்னவோ. இப்படி ஒருவன் எனக்கு மாப்பிள்ளையாக வாய்த்தானே என்று நினைத்தபோது மனசு நிறைந்துதான் இருந்தது. குறையென்றால், பொய்ப் பார்க்காரரே என்று கூப்பிட்ட வாயால் உன்னை ஒரு தடவை சரியாகக் கூப்பிட முடியவில்லை என்பதுதான்.

கம்பியை மாட்டி எல்லாவற்றையும் என் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்தேன். ஜெனி பெரியவளாகி, இந்தப் பாரையெல்லாம் யாருக்குக் கொடுப்பது என்று அவளே சொல்லட்டும் என்கிறாள் அமலா. அதுவரை தொலைந்துவிடக் கூடாதே என்று, ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி போட்டு வைக்கலாம் என்று அனுப்பப் போனேன். திரையில் அந்தக் கேள்வி வந்து நின்றது. இந்த இடங்களின் சொந்தக்காரரிடம் கேட்டாயிற்றா? சோதனைக்காக ஆயிரம் தடவை யோசிக்காமல் "ஆம்" அழுத்தியிருக்கிறேன். நேற்று கை போகவில்லை.

நீ வைத்த காவல்காரன் நீ சொன்ன வேலையைத்தான் செய்தான், மாப்ள. "இல்லை" என்று அழுத்தினேன். எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது.